பழைய மணி, புது மணி

நான்காவது தடவையும் பாஸ்வேர்ட் தப்பு என்றது கம்ப்யூட்டர்.

துஹாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு எழுத்தையும் ஒற்றை விரலால், மூட்டைப்பூச்சியை நசுக்குவது போல அழுத்தி, ஐந்தாவது தடவையும் அடித்தார். இந்த முறை வேறு செய்தி வந்தது. உங்கள் கணக்கு பூட்டப்பட்டுவிட்டது என்றது.

"அடப் பாவி! ஒன்பது வருஷமா இங்க உக்காந்திருக்கேன், என்னையே வெளிய தள்ளிப் பூட்டுறியா?"

"காலங்காத்தால யாரோட சண்டை அண்ணே?" என்று முன்மேசையிலிருந்து ஜுபைதா கேட்டாள். வருகிறவர்களை உட்காரவைப்பது, போன் எடுப்பது, பிரின்ட் போடுவது எல்லாம் அவள்தான்.

"பொது டிரைவ் திறக்க மாட்டேங்குது."

அந்த நில அளவை அலுவலகத்தில் இருந்ததே நான்கு பேர். முதலாளி நுஸ்ஹா மேடம், படம் வரைகிற மெக்கி, ஜுபைதா, பிறகு எல்லாவற்றையும் மேற்பார்ப்பதாகத் தானே சொல்லிக்கொள்ளும் துஹாமி. மொராக்கோவின் மெக்னெஸ் நகரத்தைச் சுற்றியுள்ள பாதி ஆலிவ் தோப்புகளின் எல்லைகளும் இரும்பு அலமாரிக்குள் இருந்த சர்வரில்தான் கிடந்தன. அதைத் திறக்கும் வழிக்குப் பெயர்தான் பொது டிரைவ். அது திறக்காவிட்டால் நான்கு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நோன்பு திறக்கும் நேரம்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ரமலான் மாதத்தின் முதல் வேலை நாள் அது. வருஷா வருஷம் ரமலானுக்கு ஊர் முழுக்க மணியை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அதனால் அந்த மாதம் முழுக்க யாரிடம் என்ன நேரம் சொன்னாலும், "பழைய மணியா, புது மணியா?" என்று ஒரு கேள்வி திரும்பி வரும். துஹாமி இதிலெல்லாம் கறார். ஒன்பது மணிக்கு வந்ததும் கைபேசியைப் பார்த்துத் தன் கம்ப்யூட்டரின் மணியைக் கையாலேயே பின்னால் திருப்பிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

இன்றைக்கு நேரம் முக்கியம். ஹாஜ் பென்னாஸரின் தோப்பில் பதினோரு வரிசை மரங்கள் தன்னுடையவை என்று பக்கத்து நிலத்துக்காரன் கிளம்பியிருந்தான். அதை மறுக்கும் வரைபடத்தை நிலப்பதிவு அலுவலகத்தில் கொடுக்க இன்றே கடைசி நாள். மூன்று மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். காலையில் வேறொரு நிலத்தை அளக்கக் கிளம்பும்போது நுஸ்ஹா மேடம் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

"போன ரமலான்ல நடந்தது இந்த ரமலான்லயும் நடந்துச்சுன்னா, இந்தத் தடவையும் ஒருத்தர் வீட்டுக்குப் போவாரு. மூணு பேருல யாருன்னு நீங்களே பேசி வைங்க, துஹாமி."

போன ரமலானில் வீட்டுக்குப் போனவன் ஹம்மு. கம்ப்யூட்டர், சர்வர், வரைபடம் எல்லாமே அவன் கையில்தான் இருந்தன. ஒரு முக்கியமான வரைபடம் ஜன்னல் சாத்திய பிறகுதான் போய்ச் சேர்ந்தது. வரைபடத்தைக் கொண்டுபோனவர் துஹாமி. மேடம் விசாரித்தபோது, "படம் என் கைக்கு வந்தாத்தானே மேடம் நான் கொண்டுபோக முடியும்?" என்று கேட்டவரும் அவரே. மேடம் தன் லேப்டாப்பைத் திறந்து பார்த்தார். படம் சேமிக்கப்பட்ட நேரம் மூன்று பத்து என்று இருந்தது. மூன்று மணிக்குச் சாத்துகிற ஜன்னலுக்கு மூன்று பத்துக்கு முடித்த படமா? ஹம்மு ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அதெல்லாம் முடிந்துபோன கதை. இப்போது டிரைவ் திறக்கவேண்டும்.

"ஜுபைதா, உன் பாஸ்வேர்டைச் சொல்லு. என் மெஷின்ல போட்டுப் பாக்குறேன்."

"அது ரகசியமாச்சே அண்ணே."

"உன் ரகசியத்தை வெச்சு நான் என்ன, அரண்மனையா கட்டப் போறேன்? சொல்லு."

சொன்னாள். அடித்தார். தப்பு என்றது. இவள் ஏதோ ஒளிக்கிறாள் என்று நினைத்து மறுபடி அடித்தார். ஐந்தாவது தடவையில் ஜுபைதாவின் கணக்கும் பூட்டிக்கொண்டது.

"நல்லா இருந்த என்னையும் சேத்து முடிச்சுட்டீங்களே!"

"கத்தாதே. வாயும் வயிறும் காஞ்சிருக்கு, தலை கிர்ருனு சுத்துது."

உண்மையில் துஹாமியின் தலையைச் சுற்றவைத்தது பசியில்லை, பிடிக்க முடியாத சிகரெட். வருஷத்தில் பதினோரு மாதம் நல்ல மனுஷன். ரமலான் முதல் வாரத்தில் மட்டும் அவரிடம் சலாம் சொல்லவே அக்கம்பக்கத்தில் யோசிப்பார்கள்.

"எனக்குத் திறக்குதே," என்றான் மெக்கி, உள்ளறையிலிருந்து, தலையைத் தூக்காமல். "ஹாஜியோட படம்தான் ஓடிட்டிருக்கு. எல்லைக்கல்லு நம்பரெல்லாம் போட்டா முடிஞ்சுது."

துஹாமி எழுந்து போய் அவன் தோளுக்குப் பின்னால் நின்றார். படம் அழகாகத் திறந்துதான் இருந்தது. ஆனால் திரையின் மூலையில் அவர் கண் போயிற்று.

"ஏண்டா, மணி பதினொன்றரைன்னு காட்டுது? இப்ப பத்தரைதானே ஆகுது?"

"பழைய மணி அண்ணே. மாத்தலை. அது பாட்டுக்கு இருக்கட்டும், நான் கைக்கடிகாரம் பாத்துக்குறேன்."

"அதான் பாத்தேன்! ஒரே ஆபீசுல ரெண்டு மணி ஓடினா எந்த மெஷின்தான் குழம்பாது? கோளாறே உன்கிட்டதான் இருக்கு."

"எனக்குத் திறக்குது அண்ணே, உங்களுக்குத்தான் திறக்கலை."

"எதிர்த்துப் பேசாதே. தள்ளு."

மெக்கியின் மணியைத் திருப்பினார். ஜுபைதாவின் மணியையும் திருப்பினார். எல்லாம் ஒரே மாதிரி பத்தரையைக் காட்டின. பார்க்கவே மனசுக்கு நிறைவாக இருந்தது. "இப்ப ஒரு தடவை அணைச்சுப் போடு, எல்லாம் சரியாயிடும்," என்றார்.

அணைத்துப் போட்டான். இப்போது அவனுக்கும் திறக்கவில்லை.

மெக்கி நாற்காலியோடு மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தான். "படம் உள்ள மாட்டிக்கிச்சு அண்ணே."

"பதறாதே, பதறாதே." பதறிக்கொண்டே துஹாமி அவனை விலக்கிவிட்டு விசைப்பலகையைப் பிடித்தார். ஐந்து தடவை. மெக்கியும் பூட்டப்பட்டான்.

இனி மிச்சமிருந்தது அலமாரிதான். திறந்தார். சர்வர் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு யாருக்கும் தொந்தரவில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் அணைத்துப் போட்டார். அது இருமிக்கொண்டே எழுந்து, யார் நீ, உன் பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டது. அந்த அலுவலகத்தில் அதற்குப் பதில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஹாஜ் பென்னாஸர் உள்ளே வந்தார். கம்பளி ஜெலாபா அங்கி, கையில் ஒரு கோல், முகத்தில் பதினோரு வரிசை மரங்களின் கவலை.

"பன்னெண்டு மணிக்கு வரச் சொன்னீங்க. வந்துட்டேன்."

"ஹாஜி, இப்ப மணி பதினொண்ணுதான்."

"அது உங்க மணி. என் ஆடுங்களுக்கு யாரும் மாத்திச் சொல்லலை. அதுங்க எழுப்புனப்போ எழுந்தேன், வந்தேன். படம் ரெடியா?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணுது," என்றாள் ஜுபைதா.

"அதுவும் நோன்பா?" என்று கேட்டபடி கிழவர் துஹாமிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். "எங்கப்பா நட்ட மரம் தம்பி அதெல்லாம். பதினோரு வரிசை. ஒவ்வொண்ணுக்கும் நான் தண்ணி சுமந்திருக்கேன்." பிறகு இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் பெருமூச்சு மட்டும் விட்டார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

பன்னிரண்டு மணிக்கு ஜுபைதா அந்தப் பெயரைச் சொல்லிவிட்டாள்.

"ஹம்முவுக்குப் போன் போடுங்க."

"அவனுக்கா? நானா? பட்டினி கிடந்து செத்தாலும் சாவேனே தவிர..."

"ஏற்கெனவே பட்டினிதானே கிடக்கோம். போடுங்க."

"பதினோரு மாசம் ஆச்சு. இப்ப எந்த மூஞ்சியோட பேசுறது?"

"போன்ல மூஞ்சி தெரியாது அண்ணே," என்றான் மெக்கி.

ஹாஜ் பென்னாஸர் இன்னொரு பெருமூச்சு விட்டார். துஹாமி போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். தொண்டையைச் செருமிக்கொண்டார். ரமலான் முபாரக் என்று தொடங்கலாமா, நலமா என்று தொடங்கலாமா என்று யோசிப்பதற்குள் எடுத்துவிட்டான்.

"யாரு?"

"நான்தான்... துஹாமி."

அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஹம்மு இப்போது பழைய ஊர்ப் பக்கம் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை போட்டிருப்பதாகத் துஹாமி கேள்விப்பட்டிருந்தார். அந்த வழியாகப் போவதை அப்போதிருந்தே விட்டுவிட்டார்.

"சொல்லுங்க அண்ணே," என்றான் ஹம்மு.

இன்னமும் அண்ணே என்கிறான். துஹாமிக்கு அது சுருக்கென்று தைத்தது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

விஷயத்தைச் சொன்னார். பாதி கேட்டதுமே ஹம்மு இடைமறித்தான்.

"காலையில யாராவது மணியைக் கையால திருப்பினாங்களா?"

துஹாமி அறையைச் சுற்றிப் பார்த்தார். "யாரோ... திருப்பியிருக்கலாம்."

ஜுபைதா பலமாக இருமினாள்.

"அதான் கோளாறு. வெளிய தெரியிற மணி நமக்காக. உள்ள உலகத்துக்கெல்லாம் பொதுவா ஒரு மணி ஓடும். நீங்க கையால திருப்பினா உள்ள ஓடுறதும் சேந்து திரும்பிடும். சர்வருக்கும் உங்களுக்கும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் வந்தா, எவனோ திருடன்னு அது கதவைச் சாத்திக்கும். பாஸ்வேர்ட் சரியா இருந்தாலும் விடாது."

"அப்ப மணி தப்பாவே இருக்கணுமா?"

"இல்லண்ணே. திருப்பினதைப் பழையபடி வெச்சுடுங்க. அதுக்குக் கீழ, எந்த ஊர் நேரம்னு ஒரு இடம் இருக்கும். அதுல பூஜ்ஜியம்னு போட்டிருக்கிற வரியைத் தேர்ந்தெடுங்க. மணி தானா சரியாயிடும், உள்ள ஓடுறதும் கெடாது. ரமலானுக்கு முதல் நாள் வந்து உங்க மெஷின்லயெல்லாம் நான்தான் மாத்திட்டிருந்தேன்."

"சரி... பூட்டினது?"

"அரை மணி நேரம் யாரும் எதுலயும் கைவைக்காம சும்மா இருங்க. தானா திறந்துக்கும். சர்வர் பாஸ்வேர்ட் கேட்டா கேக்கட்டும், அது பாட்டுக்கு வேலை செய்யும்."

"சும்மாவா?"

"சும்மாதான். உங்களால முடியுமா அண்ணே?" என்று கேட்டு லேசாகச் சிரித்தான். பழைய சிரிப்பு அது. "மேடம் மெஷினை மறந்துடாதீங்க. அதையும் மாத்திடுங்க." போனை வைத்துவிட்டான்.

துஹாமி திரும்பி வந்து அறிவித்தார். "அரை மணி நேரம் காத்திருக்கணும்."

"பழைய அரை மணியா, புது அரை மணியா?" என்றார் ஹாஜி.

"அரை மணியில பழசு புதுசு கிடையாது ஹாஜி."

"நல்லவேளை."

மெக்கி மூன்று மெஷினிலும் மணியை ஹம்மு சொன்னபடி மாற்றினான். பிறகு அந்த அரை மணி நேரம் துஹாமி கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு ஐம்பதுக்கு மெக்கி பாஸ்வேர்டை அடித்தான். திறந்தது. ஜுபைதா கைதட்டினாள். ஹாஜி மெக்கியின் தலையில் கைவைத்து வாழ்த்தினார். துஹாமியை வாழ்த்த யாரும் எழவில்லை.

மெக்கி எல்லைக் கற்களுக்கு எண் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், துஹாமி மேடத்தின் அறைக்குப் போனார். லேப்டாப் மேசைமேல் இருந்தது. மேடம் மணிக்குக் கைக்கடிகாரத்தைத்தான் பார்ப்பார், திரையின் மூலையைப் பார்க்கவே மாட்டார். இதுவும் பழைய மணியில்தான் இருந்தது. ஜுபைதா வந்து திறந்து கொடுத்தாள். பொது டிரைவில் ஹாஜியின் படம் கண்ணில் பட்டது. கடைசியாகச் சேமித்தது இரண்டு மணி மூன்று நிமிஷத்துக்கு.

"இதென்ன, இப்பத்தான் ஒண்ணு அஞ்சு ஆகுது? மெக்கி! ஹாஜி படத்தை எப்பச் சேமிச்சே?"

"இப்பத்தான் அண்ணே. ஒரு மணி மூணு நிமிஷம். என் திரையில அப்படித்தான் காட்டுது."

"இங்க ரெண்டு மணி மூணு நிமிஷம்னு காட்டுதே."

"மேடம் மெஷின் பழைய மணியில இருக்கு இல்ல? அதுல பாத்தா எல்லாப் படமும் ஒரு மணி நேரம் கூடத்தான் காட்டும்."

 துஹாமியின் விரல் மெதுவாக நகர்ந்து போன வருஷத்துப் பகுதியைத் திறந்தது. அந்தப் படம் அங்கேயே இருந்தது. மூன்று பத்து. எழுந்து மெக்கியின் அறைக்கு ஓடினார். அவன் திரையில் அதே படத்தைத் தேடச் சொன்னார்.

இரண்டு பத்து.

"என்னண்ணே, மூஞ்சி வெளுத்துப்போச்சு? சர்க்கரை இறங்கிடுச்சா?"

"ஒண்ணுமில்லை. நீ வரை."

நாற்காலியில் வந்து விழுந்தார். ஹம்மு இரண்டு பத்துக்கே படத்தை முடித்துவிட்டான். முடித்து, பிரின்ட் எடுத்து, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு இவர் கையில் கொடுத்தான். பதிவு அலுவலகம் பத்து நிமிஷ நடை. இடையில் இருந்தது அந்த ஷெபக்கியா இனிப்புக் கடை. எள்ளைத் தூவி, தேனில் முக்கி, பொன்னிறத்தில் மலை மலையாக அடுக்கி வைத்திருந்தான். சின்ன மகள் காலையிலேயே கேட்டுவிட்டாள். வரிசையில் ஏழெட்டுப் பேர்தான். பத்து நிமிஷம் என்று நினைத்துத்தான் நின்றார். வெறும் வயிற்றில் தேன் வாசனைக்கு நடுவில் நிற்பவனுக்குப் பத்து நிமிஷம் எது, ஐம்பது நிமிஷம் எது? போய்ச் சேர்ந்தபோது காவலாளி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

மாலையில் மேடம் மூன்று பத்து என்று வாசித்தபோது துஹாமிக்கு ஆச்சரியமாகக்கூட இருக்கவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது, அது பொய் சொல்லுமா என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார். அன்று இரவு ஷெபக்கியா ருசியாகத்தான் இருந்தது. இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அந்த இரண்டும் இப்போது, பதினோரு மாதம் கழித்து, நெஞ்சில் வந்து அடைத்துக்கொண்டு நின்றன. எப்பேர்ப்பட்ட வேலைக்காரன்! அவனைத் தாளுக்குப் பத்து ரியால் வாங்கி ஜெராக்ஸ் போட உட்காரவைத்துவிட்டோமே என்று முகத்தை இரண்டு கைகளாலும் தேய்த்துக்கொண்டார்.

ஒன்று ஐம்பதுக்குப் படம் கைக்கு வந்தது. துஹாமி ஓடினார். ஷெபக்கியா கடை வருவதற்கு முன்பே தெருவைக் கடந்து எதிர்ச்சாரிக்குப் போய், மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இரண்டு ஐந்துக்கு முத்திரை விழுந்தது. கூடவே மூச்சிரைக்க வந்த ஹாஜ் பென்னாஸர் அவர் தோளில் முத்தமிட்டார்.

"உன்னை மாதிரி நாணயமானவன் இந்தக் காலத்துல கிடைக்க மாட்டான் தம்பி."

துஹாமிக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. வெளியே வந்ததும் மேடம் போன் செய்தார்.

"ஜுபைதா சொன்னா. நல்ல வேலை துஹாமி. போன வருஷம் அந்த ஹம்மு இல்லாம நீங்களே பாத்திருந்தா அப்பவும் இப்படித்தான் முடிஞ்சிருக்கும்."

இதுதான் நேரம். சொல்லிவிடு என்றது மனசு. வாயைத் திறந்தார். தன் மூன்று மகள்களின் முகமும் வரிசையாக வந்து நின்றது.

"மேடம்... ஹலோ... சிக்னல் இல்லை மேடம்," என்றார். சிக்னல் முழுசாக இருந்தது.

ஆனால் கால்கள் வீட்டுப் பக்கம் போகவில்லை. பழைய ஊர்ப் பக்கம் நடந்தன. குறைந்தது அவனிடமாவது சொல்லவேண்டும். என்ன சொல்வது? வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். ஷெபக்கியா வரிசையைச் சொல்லத்தான் வேண்டுமா? கடிகாரத்தின் மேல் போட்டுவிட்டால் என்ன? கடிகாரம் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. உன்மேலும் தப்பில்லை, என்மேலும் தப்பில்லை, எல்லாம் மெஷின் செய்த வேலை. கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் முடிந்தது. கடை வாசலுக்கு வரும்போது இது அவருக்கே முழு உண்மை போலத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

கடையில் ஹம்மு இல்லை. அவன் மனைவி இத்தோ ஜெராக்ஸ் மிஷினுக்குப் பின்னால் நின்று யாருடைய பள்ளிச் சான்றிதழையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் ஒரு கணம் கை நின்றது.

"வாங்கண்ணே. அவரு தொழப் போயிருக்காரு. உக்காருங்க."

பேருக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். துஹாமி உட்காரவில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் ஆறிப்போவதற்குள் கொட்டிவிட நினைத்தார்.

"உன்கிட்டயே சொல்லிடுறேன்மா. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன். போன வருஷம் நடந்ததுக்கு ஹம்மு காரணமில்லை. அவன் நேரத்தோட முடிச்சுட்டான். மேடம் மெஷின்ல மணி மாத்தாம விட்டதால ஒரு மணி நேரம் கூடக் காட்டியிருக்கு. அவ்வளவுதான். எல்லாம் அந்தக் கடிகாரம் பண்ணின வேலை."

இத்தோ ஒரு தாளை எடுத்துவிட்டு அடுத்த தாளை வைத்தாள்.

"என்ன செய்யுறது சொல்லு," என்றார் துஹாமி. கண்ணில் நிஜமாகவே நீர் வந்துவிட்டது. "எனக்கும் தெரியலை, மேடத்துக்கும் தெரியலை. பாவம், ஹம்முவுக்கும் தெரியலை. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லித் தப்பிச்சிருப்பானே!"

இத்தோ மிஷினை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"கடிகாரம் தப்புன்னு அவருக்கு அன்னைக்கே தெரியும்ண்ணே, 'சொன்னா துஹாமி அண்ணன் வேலை போயிடும், அவருக்கு மூணு பொண்ணு, நமக்கு இருக்கிறது ஒரு பூனை'ன்னுட்டு வந்து படுத்துட்டாரு."